ஒரு பேச்சுக்குக் கேட்ட மன்னிப்பு

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்பு. இந்த வாரம் வழக்கத்தைவிட மோசம். மிளகாய் அரைத்த கையோடு எழுத உட்கார்ந்து கண்ணை வேறு கசக்கிவிட்டேன். அப்புறம் எழுத்துப் பிழைகள். அஞ்சாவதோடு நின்றவனுக்கு ‘ர’வும் ‘ற’வும் இன்றுவரை ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். திருத்தி அச்சில் ஏற்றும் தம்பிக்கு என் அனுதாபங்கள்.

போன வாரம் நடந்தது இது.

ஸ்ரீரங்கத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — எழுத்தில் நான் வாயாடி, நேரில் ஊமை. பிறவியிலேயே கூச்சம். அதனாலேயே இந்தத் தொழில் எனக்குப் பிடிக்கும். மெஷின் ஓடும்போது யாரும் யாருடனும் பேச முடியாது. தலையாட்டினால் போதும்.

அன்றைக்கு ஒரு பெரியவர் கோதுமை கொண்டுவந்தார். புது ஆள். நான் கோதுமையை மெஷினில் கொட்டிய நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. மில் சத்தத்தில் என்ன கேட்கும்? ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

“தப்பு எங்க மேலதாங்க மாப்பிள்ளை! சின்னப் பொண்ணு, விவரம் பத்தாது! நீங்கதான் பொறுத்துக்கணும்! மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை!”

நான் மோட்டாரை நிறுத்திவிட்டேன்.

பாதி அரைப்பில் மெஷினை நிறுத்துகிற ஆள் இல்லை நான். உள்ளே மாவு அடைத்துக்கொள்ளும். வரிசையில் நின்ற பெண்கள் கரண்ட் போய்விட்டதென்று நினைத்து மேலே ஃபேனைப் பார்த்தார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

ஏன் நிறுத்தினேன்?

அதற்கு என் அக்கா மகள் கதையைச் சொல்ல வேண்டும். பவித்ரா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பெயர் அதுவல்ல. “மாமா, எழுதறதா இருந்தா பவித்ரான்னு போடுங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்குப் பிடிச்ச பேரு. அப்பாதான் வேற வெச்சுட்டாரு” என்றாள். தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

சொல்லாமல் இத்தனை நாள் காத்திருந்ததற்குக் காரணம் அவளுடைய வக்கீல். “தீர்ப்பு நகல் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு வரி எழுதக் கூடாது. வந்த பிறகும் கோர்ட் ஹாலுக்குள்ள நடந்ததை எழுதக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே வெளியே நடந்தது மட்டும். வெளியே நடந்ததே நிறைய.

அக்காவும் அத்தானும் ஜீயபுரத்தில் இருக்கிறார்கள். வாழை விவசாயம். பவித்ரா ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். கே.கே. நகரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை படித்தவர், நல்ல வேலை, பார்க்கவும் லட்சணம். என்னை ‘மில் மாமா’ என்று வாய் நிறையக் கூப்பிடுவார். வீட்டுக்கு வந்தால் அக்காவுக்குக் கூடமாட பாத்திரம் எடுத்துவைப்பார். எந்த மாப்பிள்ளை அப்படிச் செய்வார்? சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சிக்கொண்டோம்.

பவித்ரா மட்டும் மெச்சவில்லை. ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பிறகும் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே போனாள்.

ஒருநாள் மாவு அரைக்கிற சாக்கில் மில்லுக்கு வந்தாள். கூட்டம் இல்லை.

“மாமா, நார்சிசிஸ்ட்னு ஒரு வார்த்தை இருக்கு. தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினேன். அவளுடைய ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஒருவர் சொன்னாராம். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆர்வம் அதிகம். தோண்டித் துருவிக் கேட்டேன்.

“தற்பெருமை பிடிச்சவன்னு சொல்லலாமா?”

“இல்ல மாமா. தற்பெருமைக்காரரா இருந்தா கை தட்டிட்டுப் போயிடலாமே. இவருக்குக் கைதட்டு பத்தாது. நான்தான் தப்புன்னு நானே ஒத்துக்கணும். தினமும் ஒத்துக்கணும்.”

உதாரணம் கேட்டேன். மொட்டை மாடியில் சட்டை காய்ந்துகொண்டிருந்ததாம். மழை வந்துவிட்டது. இவள் லேபில் டியூட்டியில் இருந்தாள். அவர் வீட்டில்தான் இருந்தார். சட்டை நனைந்ததற்கு இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீட்டுக்குள், ஒரு வார்த்தை இல்லாமல், வாரக்கணக்கில்... கடைசியில் இவள்தான் இறங்கிப் போனாள்.

“மழை பெஞ்சதுக்கு நான் மன்னிப்பு கேட்டேன் மாமா! மறுநாள் என்ன சொன்னாரு தெரியுமா? நான் எப்ப பேசாம இருந்தேன், உனக்குத்தான் ஏதோ ஆகிப்போச்சுன்னாரு. எனக்கே டவுட் வந்துடுச்சு.”

இதை எப்படி யாரிடம் சொல்வது? அடித்தான் என்றால் காயத்தைக் காட்டலாம். குடித்தான் என்றால் தெருவே சாட்சி. சட்டை நனைந்தது என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

கேட்க ஒருவர் கிடைத்தார். கன்டோன்மென்ட்டில், கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு வக்கீல் மேடம். வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே கேஸ் கேட்பார். பவித்ரா பயந்துபோய்த் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். பேசாமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் கூப்பிட்டிருப்பாள்.

பவித்ரா அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னதுமே மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த வார்த்தையை இங்கயே விட்டுட்டுப் போங்கம்மா. அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய சமாச்சாரம். நாம பெட்டிஷன்ல எழுதினா, நிரூபிங்கன்னு அவங்க நம்ம தலையில கட்டிடுவாங்க. அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு கோர்ட்டுக்கு வேண்டாம். என்ன செஞ்சாரு, எப்ப செஞ்சாரு, யாரு பார்த்தா... அதைச் சொல்லுங்க.”

எனக்கு அது பெரிய ஆச்சரியம். நோய்க்குப் பெயர் தெரிந்தால் பாதி குணம் என்று நினைத்திருந்தேன். இங்கே பெயரே வேண்டாம் என்கிறார்களே!

மேடம் அடுக்கிக்கொண்டே போனார். அடி உதை உண்டா என்று முதலில் கேட்டார். இல்லை என்றாள். “இருந்திருந்தா இன்னிக்கே வேற வழி இருக்கு, பாதுகாப்பு அதிகாரி இருக்காங்க. இல்லாட்டியும் பரவாயில்லை, அடிச்சாதான் கொடுமைன்னு சட்டம் சொல்லலை” என்றார். சர்டிபிகேட்டெல்லாம் எங்கே இருக்கு? அவருடைய பீரோவில். பாப்பாவுடைய பிறப்புச் சான்றிதழ்? அதுவும் அங்கேதான். நகை? அதுவும்தான். உன் போன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? பவித்ரா குனிந்துகொண்டாள்.

“முதல்ல பேப்பரை எல்லாம் எடுத்து வைங்க. பாஸ்வேர்டை மாத்துங்க. போன்ல அவர் அனுப்பின எதையும் அழிக்காதீங்க, போனையும் மாத்தாதீங்க. நீங்க கோபமா ஒண்ணும் பதில் அனுப்பாதீங்க. ஸ்டேட்டஸ் போடாதீங்க. வீட்டை விட்டு வர்றப்ப பாப்பாவோட வாங்க. பாப்பாகிட்ட அப்பாவைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசாதீங்க.”

கொஞ்சம் கடலையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார். “ஆம்பளை யாராவது இதே கஷ்டத்தோட வந்தாலும் இதேதான் சொல்வேன்.”

பவித்ரா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். பாப்பாவை அழைத்துக்கொண்டு ஜீயபுரம் வந்தாள். விவாகரத்து கேட்டு மனு போட்டாள். பதிலுக்கு அவர், குழந்தை தன்னிடம்தான் வளர வேண்டும் என்று ஒரு மனு போட்டார். தாய்க்கு மனநிலை சரியில்லை, குழந்தை வளர்க்கும் பக்குவம் இல்லை என்று எழுதியிருந்தார்.

நாங்கள் பயப்படவில்லை. யார் நம்புவார்கள்?

கூடவே ஒரு பென்டிரைவ் வந்தது.

மேடம் தன் கம்ப்யூட்டரில் போட்டார். நான், பவித்ரா, அக்கா, அத்தான் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முதலில் கரகர சத்தம். அப்புறம் ஒரு குரல். அத்தான் குரல்!

“பொண்ணு முன்கோபக்காரிதான் மாப்பிள்ளை... இல்லேங்கலை. புள்ளைய வளக்குற பக்குவம் இன்னும் வரலை. விவரம் பத்தாது. தப்பு எங்க மேலதான். நீங்கதான் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கணும்.”

ஒன்றல்ல, வரிசையாக வந்தது. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று. அத்தான் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு பூவன் தாரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, போன் போட்டு மன்னிப்பும் கேட்டிருக்கிறார். தாரைத் தின்றுவிட்டு, மன்னிப்பைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார் மாப்பிள்ளை.

அத்தான் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

“நான் என்னங்க அப்படித் தப்பா சொல்லிட்டேன்? பொண்ணைக் குடுத்தவன் எல்லாரும் சொல்றதுதானுங்களே?”

“அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பென்டிரைவுக்குத் தெரியாதுங்க” என்றார் மேடம்.

யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எதற்குத்தான் மன்னிப்புக் கேட்பதில்லை? காபி ஆறிப்போனதற்கு, பஸ் தாமதமானதற்கு, வெயில் அடித்ததற்கு... பெண்ணைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் திமிர் என்று ஆகிவிடும். மட்டம் தட்டிச் சொன்னால் அடக்கம். யாரும் நம்பிச் சொல்வதில்லை, யாரும் நம்பிக் கேட்பதுமில்லை. கைகூப்புவது மாதிரி அதுவும் ஒரு பழக்கம்.

அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பவித்ரா வாயைத் திறந்தாள்.

“அப்பா, நீங்க நிஜமாவே என்னைப் பத்தி அப்படித்தான் நினைச்சீங்களா?”

“சேச்சே! என்னம்மா நீ... ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா.”

“போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தாம்ப்பா பேசுவாரு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருப்பேன். பாரு, உங்கப்பாவே சொல்றாருன்னு காட்டுவாரு.” கம்ப்யூட்டரைக் கை காட்டினாள். “அது பேச்சுக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம்கூடக் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து மேடம் ஒரு சட்டம் போட்டார். குடும்பத்தில் யாரும் மாப்பிள்ளையோடு போனில் பேசக் கூடாது. பாப்பாவை அவர் பார்க்க வருகிற விஷயம் மட்டும், மெசேஜில் மட்டும், ஒரே ஒரு ஆள் மூலமாக மட்டும். அந்த ஆள் யார்?

“இவர்தான்” என்று என்னைக் காட்டினார்.

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இவனா? இவனுக்கு நாலு வார்த்தை கோவையாப் பேச வராதுங்களே மேடம்!”

“அதுதாம்மா வேணும்.”

“டைப் அடிக்க ஒரு மணி நேரம் ஆக்குவான்.”

“அதுவும் வேணும்.”

மேடம் சொன்னது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. மாப்பிள்ளையிடமிருந்து மெசேஜ் வரும். நீளமாக வரும். ‘மில் மாமா, உங்க குடும்பமே சரியில்லை.’ ‘மில் மாமா, நீங்க படிக்காதவர், உங்களை வெச்சு விளையாடறாங்க.’ ‘மில் மாமா, நீங்க ஒருத்தர்தான் அந்த வீட்டுல நல்லவர்.’ எனக்கும் கோபம் வரும். ஆனால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து அடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். மிஞ்சுவது ‘ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பாப்பாவை விடவும்’ என்பது மட்டும்தான்.

ஒரு தடவை ‘சரிங்க’ என்று பதில் போட்டுவிட்டேன். மேடம் கூப்பிட்டுத் திட்டினார்.

“எதுக்கு சரிங்க? அவர் எழுதின எல்லாத்துக்கும் சரின்னு ஆகிடாதா?”

“மரியாதைக்குங்க மேடம்.”

“மரியாதைக்கு ‘பார்த்தேன்’னு போடுங்க.”

அதுமுதல் ‘பார்த்தேன்’ போட்டேன். எவ்வளவு நல்ல வார்த்தை! ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

இடைக்கால ஏற்பாடாக ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவை அவர் அழைத்துப்போகலாம் என்று ஆனது. ஒப்படைக்கிற இடம் என் மில் வாசல். நாலு பேர் பார்க்கிற இடமாக இருக்கட்டும் என்றார் மேடம். நாலு பேரும் பார்த்தார்கள். என்ன பார்த்தார்கள்? அவர் வந்ததும் மாமிகளுடைய மாவுத் தூக்கைத் தூக்கிக் கொடுப்பார். பெருமாள் சேவை ஆச்சா என்று விசாரிப்பார்.

“ஏம்ப்பா, இத்தனை சாதுவா இருக்காரே! இவரையா வேண்டாங்கறா உன் அக்கா பொண்ணு?” என்று ஒரு மாமி என் காதருகே வந்து கேட்டார்.

நான் மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

பென்டிரைவுக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. ‘அது எங்கள் பக்கத்து வழக்கம்’ என்று சொன்னால் போதாதா? “சொல்லலாம். நம்ம ஜட்ஜும் இந்த ஊர்க் கல்யாணத்துல சாப்பிட்டவங்கதான். ஆனா காட்டறதுக்கு ஏதாவது இருந்தா நல்லாருக்கும்” என்றார் மேடம்.

கண்டுபிடித்தது பவித்ராதான். தன்னுடைய கல்யாண வீடியோவை எடுத்து உட்கார்ந்து பார்த்தாள். அதில் எல்லா இடத்திலும் சினிமாப் பாட்டு! அத்தான் வாய் அசைகிறது, டூயட் ஓடுகிறது. வீடியோக்காரர்கள் ஏன் பேச்சை எல்லாம் அழித்துவிட்டுப் பாட்டைப் போடுகிறார்கள்? அன்றுதான் அந்தக் கேள்வியே எனக்கு வந்தது. அவள் விடவில்லை. காலேஜ் சிநேகிதி ஒருத்தி பந்தியைப் போனில் எடுத்தது ஞாபகம் வந்து, கேட்டு வாங்கினாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளை அழைப்பு முடிந்து முதல் பந்தி. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தான் பட்டு வேட்டியில் கைகூப்பி நிற்கிறார்.

“சாப்பாட்டுல உப்பு உறைப்பு முன்னப்பின்ன இருந்தா மன்னிக்கணும் சம்பந்தி. எங்ககிட்ட ஆயிரம் குறை இருக்கும். பொண்ணுக்கும் விவரம் பத்தாது, முன்கோபம் வேற. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்.”

சம்பந்தி என்ன சொன்னார் தெரியுமா? “அட, எங்க பய மட்டும் என்னவாம்? மகா கோவக்காரப் பய. சொன்ன பேச்சு கேக்க மாட்டான். உங்க பொண்ணுதான் வந்து திருத்தணும்.” சுற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளையும் சிரிக்கிறார்.

மேடம் வீடியோவை நிறுத்தி, திரையில் விரலை வைத்தார்.

“இலையைப் பாருங்க.”

பார்த்தோம். எல்லா இலையும் காலி. தண்ணீர் தெளித்த இலைகள். சாம்பார் வாளி இன்னும் பந்திக்கே வரவில்லை.

“சாப்பாடு வர்றதுக்கு முன்னாடியே உப்புக்கு மன்னிப்பு கேட்டுட்டீங்க. பொண்ணு போறதுக்கு முன்னாடியே கோபத்துக்கும் கேட்டுட்டீங்க!” மேடம் வாய்விட்டுச் சிரித்தார். “இது ஒண்ணே போதும்னு சொல்ல மாட்டேன். ஆனா இது வேணும்.”

அத்தானும் சிரித்தார். பவித்ரா சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு என்று எனக்குப் பட்டது. அதை எந்த வீடியோவிலும் தேடி எடுக்க முடியாது.

சில மாதங்கள் கழித்து ஒரு வாய்தா. கோர்ட் வளாகத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நானும் அக்காவும் அத்தானும் நின்றுகொண்டிருந்தோம். கொஞ்சம் தள்ளி பவித்ரா மேடத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை நேராக எங்களிடம் வந்தார். கையில் இளநீர், அத்தானுக்கு!

“மாமா, சுகர் எப்படி இருக்கு? மாத்திரை ஒழுங்கா போடறீங்களா? இளைச்சுப் போயிட்டீங்களே...”

அத்தான் இளநீரை வாங்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்கு மாமா நமக்குள்ள இதெல்லாம்? எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். பவி செஞ்சது தப்புதான்னு நீங்க வாயால சொல்லிடுங்க. பாப்பா கேஸை இப்பவே வாபஸ் வாங்கிடறேன். பாப்பா மேல சத்தியமா.”

ஒரு வார்த்தை! ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை. சொன்னால் பேத்தி நம்மிடம். அக்கா அத்தானுடைய முழங்கையை இடித்தாள். “சொல்லிடுங்களேன்” என்று முணுமுணுத்தாள். அத்தானுடைய உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போன் பாதி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன்... வரவில்லை. எனக்கு எப்போதுதான் வந்திருக்கிறது?

அத்தானுடைய கண்ணும் அந்தப் பையில் போய் நின்றது.

“சாப்டீங்களா மாப்பிள்ளை?” என்றார்.

“மாமா, நான் கேட்டது...”

“இல்ல, வெயிலா இருக்கு. சாப்ட்டுட்டுப் போங்க.”

“அப்ப பவி மேல தப்பே இல்லைங்கிறீங்களா? நீங்கதானே மாமா சொன்னீங்க, விவரம் பத்தாதுன்னு?”

அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டார். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. அவருக்கு மெதுவாகப் பேச வராது.

“எம்பொண்ணு விவரமானவ.”

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து அந்த வாக்கியத்தை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் குடும்பத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மேடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். பவித்ரா அதில் ஒரு வார்த்தையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை இளநீரை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். கேஸை வாபஸ் வாங்கவில்லை. அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார், இன்னொரு பென்டிரைவ்தான் வந்திருக்கும் என்றார் மேடம். இழுத்துக்கொண்டே போய், கடைசியில் அவரே பரஸ்பர சம்மதத்துக்கு வந்தார். பாப்பா தாயிடம். ஞாயிறு அப்பாவிடம்.

ஏன் இறங்கிவந்தார்? எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. மேடத்திடம் கேட்டேன்.

“எதிர்ல ஆள் இல்லாம எத்தனை நாளைக்குச் சண்டை போடுவாரு? நீங்கதான் ‘பார்த்தேன்’, ‘பார்த்தேன்’னு போட்டுக்கிட்டே இருந்தீங்களே.” சிரித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “அதோட அவருக்கு வேற இடம் பார்க்கறாங்களாம். கேள்வி.”

வேற இடம்... அங்கேயும் ஒரு பந்தி நடக்கும். அங்கேயும் ஒருவர் கைகூப்பிக்கொண்டு காலி இலைக்கு முன்னால் நிற்பார். அவரிடம் போய் யார் சொல்வது?

இதைத்தான் நினைத்துக்கொண்டு கோதுமையைக் கொட்டினேன். அப்போதுதான் அந்தப் பெரியவருக்குப் போன் வந்தது.

மோட்டார் நின்றதும் மில்லில் அப்படி ஒரு அமைதி. அவருடைய கடைசி “மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை” மட்டும் தனியாகக் கேட்டது. அவருக்கு வெட்கமாகிவிட்டது. போனை அணைத்தார். வரிசையில் நின்ற பெண்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆனாலும் கேட்டேன். இப்படி முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் பேச்சுக் கொடுத்ததே இல்லை.

“எதுக்குங்க மன்னிப்பு கேட்டீங்க?”

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

“தெரியலைங்க. ஏதோ கோவமாப் பேசினாரு. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“பொண்ணு என்ன சொல்றாங்க?”

“பொண்ணை இன்னும் கேக்கலைங்களே.”

“கேளுங்க” என்றேன். “முதல்ல அவங்களைக் கேளுங்க.”

சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. அவருடைய மாப்பிள்ளை தங்கமான பிள்ளையாகவே இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது இருந்தால் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். கையில் வசதி இல்லாதவர்களுக்குக் கோர்ட்டிலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன்னால் கூடத் தெரிந்துகொள்ள ஒன்று உண்டு. நாம் பேச்சுக்குச் சொல்வதை ஒருவர் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் சேர்த்து வைக்கலாம். அது ஒரு பக்கம். போனுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண் அதை நிஜம் என்று நம்பிவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

மோட்டாரை மறுபடி போட்டேன். அடைத்துக்கொண்ட மாவைத் தட்டி எடுத்து, அரைத்து முடித்துத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தேன். பெரியவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். கைகூப்பினார்.

“ஏதாவது தொந்தரவு குடுத்திருந்தா மன்னிச்சுக்கங்க தம்பி.”

“பார்த்தேன்” என்றேன்.

இதை மில்லை மூடிவிட்டு எழுதுகிறேன். பவித்ரா வந்து படித்துவிட்டாள். தீர்ப்பு நகல் அவள் கைப்பையில் இருக்கிறது. நேற்றுத்தான் வந்தது. “மாமா, ஆரம்பத்துலயே மன்னிப்பு கேட்டிருக்கீங்களே?” என்றாள். அது கையெழுத்துக்கு மட்டும். வேறு எதற்கும் கேட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆவணி இருபது, வெள்ளிக்கிழமை.